பே என்று ஓங்கு, மானி என்று தட்டு

கோபக்காரர்கள் கற்றுக்கொள்ளவே கூடாத சில வேலைகள் இருக்கின்றன. பட்டுப் புடவைக்குக் குஞ்சம் முடிவது ஒன்று. கைக்குழந்தைக்கு நகம் வெட்டுவது இன்னொன்று. இந்த இரண்டையும் நான் எப்படியோ சமாளித்துவிட்டேன். கோல்ஃபில் சிப்பிங் என்று ஒன்று இருக்கிறதே, அது என்னை ஊர் சிரிக்க வைத்துவிட்டது. நடந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. இன்னுமா ஆறவில்லை என்று கேட்பீர்கள். ஆறவில்லை. எழுத உட்காரும்போதே காது சூடாகிறது.

(என் பெயர் சாந்தி. சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் எல்லா வாத்தியார்களும் சிரித்தாகிவிட்டது.)

அப்போது நான் பி.காம். முடித்துவிட்டு, அடி அண்ணாமலையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தினமும் வேங்கிக்காலுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கீழே சிமெண்ட் கடை, மாடியில் ரியல் எஸ்டேட் ஆபீஸ். முதலாளி பெயர் தயாளன். முதலாளி என்று கூப்பிட்டால் முகம் சுருங்கிவிடும். எம்.டி. என்று கூப்பிட வேண்டும். அந்த எம்.டி.க்குக் கீழே வேலை செய்த மொத்தக் கம்பெனியும் நானும் ஒரு டிரைவரும்தான்.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வர ஆரம்பித்திருந்த காலம் அது. மலையைச் சுற்றி முடித்து, வலிக்கிற காலைத் தேய்த்துக்கொண்டே இட்லி சாப்பிடும்போது, ‘இங்கேயே ஒரு இடம் வாங்கிப் போட்டால் என்ன’ என்று அவர்களுக்குத் தோன்றும். தோன்றுகிற அந்த நேரத்தில் கையில் நோட்டீசோடு எதிரே நிற்பதுதான் என் உத்தியோகம். எல்லாக் கம்பெனி நோட்டீசிலும் ‘மலை தெரியும்’ என்று போட்டிருக்கும். திருவண்ணாமலையில் மலை தெரியாத இடம் எங்கே இருக்கிறது? கக்கூஸ் ஜன்னலைத் திறந்தாலே தெரியும். அதனால் எம்.டி.க்கு வேறு ஏதாவது தேவைப்பட்டது.

ஒரு நாள் பெங்களூர் போய்விட்டுத் திரும்பினார். மூஞ்சியில் ஒரு வெளிச்சம்.

“ஏம்மா சாந்தி, கோல்ஃப்னா இன்னான்னு தெரியுமா?”

“டிவில பாத்திருக்கேன் சார். பெரிய புல்வெளில நடந்துக்கினே இருப்பாங்க.”

“அதான்! நம்ம செங்கம் ரோடு லேஅவுட்ல அத வைக்கப் போறோம்.”

அந்த லேஅவுட்டில் நடந்துகொண்டே இருப்பதற்கெல்லாம் இடம் கிடையாது. இந்தக் கோடியில் தும்மினால் அந்தக் கோடியில் இருப்பவர் ‘ஆயுசு நூறு’ என்பார். அங்கே நின்று ஓங்கி அடித்தால் பந்து பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்தில்தான் விழும். எம்.டி. அதற்கும் வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். கோல்ஃபில் இரண்டு விதமான அடி உண்டாம். தூரத்திலிருந்து ஓங்கி அடிப்பது ஒன்று. குழிக்குக் கிட்டத்தில் வந்த பிறகு, பந்தை லேசாகத் தட்டித் தூக்கி, புல்லில் இறக்கி, மிச்ச தூரத்தை அதுவாகவே உருண்டு போகவிடுவது இன்னொன்று. அதற்குப் பெயர்தான் சிப்பிங். அதற்கு ஒரு சின்ன மேடு, கொஞ்சம் புல், ஒரு குழி, குழியில் ஒரு கொடி இருந்தால் போதும்.

லேஅவுட்டுக்கு ‘கோல்ஃப் கார்டன்’ என்று பெயர் வைத்தார்கள். ‘அருளும் உண்டு, ஆட்டமும் உண்டு’ என்ற வாசகத்தை எழுதியது நான். செங்கம் ரோட்டுச் சுவரில் அதைப் பெரிதாக எழுதியபோது, பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும் ஒவ்வொரு முறையும் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டுப் பார்த்துக்கொண்டு போனேன். (இப்போது நினைத்தால் அந்தப் பெண்ணைப் பஸ்ஸிலிருந்து இறக்கி நாலு அறை விடலாம் போலிருக்கிறது.)

என் பேச்சைக் கேட்டு முதல் ஆளாக பிளாட் புக் பண்ணியவர் வெளியாள் இல்லை. என் அக்கா வீட்டுக்காரர் முருகேசன் மாமா. போளூரில் பள்ளிக்கூடத்து கிளார்க். அக்காவின் ஆரத்தை அடகு வைத்து அட்வான்ஸ் கட்டிவிட்டு, அடுத்த நாளிலிருந்து போளூர் முழுக்க “நம்ம கோல்ஃப் வீடு” என்று பேச ஆரம்பித்துவிட்டார். அக்கா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நல்ல இடந்தானேடி?” என்று கேட்டாள். “நான் இருக்கேன்ல?” என்றேன். நான் இருந்தேன். அதுதான் பிரச்சினை.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பெங்களூரிலிருந்து கோச் ஒருவர் வந்து சிப்பிங் செய்து காட்டுவதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில் அவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆசிரமத்துப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருந்த ஒருவர், தன்னிடம் தங்கியிருக்கும் ஸ்காட்லாந்துக்காரி அவள் ஊரில் கோல்ஃப் சொல்லிக்கொடுத்தவள் என்று எம்.டி.யிடம் துப்புக் கொடுத்தார். பெயர் ஹெலன். என்னைவிட நாலைந்து வயது கூட இருப்பாள். எம்.டி. ஓடினார். அங்கே இரண்டு சிக்கல். ஹெலன் மேடையில் நிற்க மாட்டாள். வேண்டுமானால் யாருக்காவது கற்றுக்கொடுப்பாள். இரண்டாவது சிக்கல், அவள் மௌன விரதத்தில் இருந்தாள். மாதக்கணக்கில் வாயே திறக்கவில்லை.

“யாருக்குக் கத்துக்குடுக்கறது?” என்று கேட்டேன்.

“உனக்குத்தான். நோட்டீஸ்ல பொம்பளப் படம் போட்டாச்சு.”

“பேசாதவங்ககிட்ட எப்படி சார் கத்துக்கறது?”

“அந்தம்மா பேச மாட்டாங்க. நீ பேசாம இருக்க மாட்டே. கணக்கு சரியாப்பூடும். போம்மா.”

கெஸ்ட் ஹவுஸ் கொல்லையில் பாடம் ஆரம்பமானது. எம்.டி. எங்கிருந்தோ பழைய மட்டை ஒன்று வாங்கிக்கொடுத்திருந்தார். அடி அகலமாக, முகம் வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் இரும்பு மட்டை. ஹெலன் ஒரு எவர்சில்வர் தட்டைக் கொஞ்சம் தள்ளித் தரையில் வைத்தாள். பந்து அதில் விழ வேண்டும். அவள் மட்டையை வாங்கி, தூசு தட்டுவதுபோல ஒரு தட்டு தட்டினாள். பந்து தவளை மாதிரி எழும்பி, தட்டில் ‘டிங்’ என்று விழுந்து, உருண்டு போய் அடங்கி நின்றது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் அடித்தேன். பந்து அங்கேயே இருந்தது. மண்தான் போய்த் தட்டில் விழுந்தது.

மறுபடி அடித்தேன். இந்தமுறை பந்து கிளம்பியது. தரையை ஒட்டிச் சீறிக்கொண்டு போய்க் காம்பவுண்டுச் சுவரில் மோதி, திரும்பி வந்து என் முழங்காலைத் தாக்கியது. ஹெலன் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கொன்றது. திட்டினால் திருப்பித் திட்டலாம். பேசாமல் சிரிக்கிறவளை என்ன செய்வது? என் முன்கால் (தட்டுப் பக்கம் இருக்கும் கால்) முட்டியைத் தொட்டுக்காட்டுவாள். உடம்பு பாரம் அதில் இருக்க வேண்டுமாம். தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்துவாள். அடித்து முடிக்கும்வரை தலை நிமிரக் கூடாதாம். மணிக்கட்டு மடங்குகிறது என்று ஒரு மர ஸ்கேலை என் கையோடு சேர்த்துத் துண்டால் கட்டிவிட்டாள். அவசரத்தில் அதைக் கழற்ற மறந்து அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன்.

“கை ஒடிஞ்சிருச்சா?” என்று அம்மா அலறினாள்.

“இல்லம்மா. கோல்ஃப்.”

“இதுக்கா பி.காம் படிச்சே?”

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஒரு பந்தத் தட்றதுக்கு எதுக்கு இவ்ளோ ஆத்திரம்?” என்றார். அதைக் கேட்டதும் இன்னும் ஆத்திரம் வந்தது.

விழா நெருங்கியது. ஒரு சாயங்காலம் நான் மட்டையைத் தூக்கித் தரையில் எறிந்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஹெலன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கையை இறுக்க மூடி, என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினாள். ‘இதுதான் நீ.’ அப்புறம் விரல்களை விரித்து, வாயைக் குவித்து ‘ஃபூ’ என்று ஊதினாள். வெளியே விட்டுவிடு.

வெளியே விடுவதா? விட்டேன்.

எங்கள் பக்கத்தில் ‘பேமானி’ என்று ஒரு வசவு உண்டு. நவாபு காலத்துச் சொல். நேர்மை கெட்டவன் என்று அர்த்தம். ஆனால் அர்த்தம் பார்த்து யாரும் திட்டுவதில்லை. கிணற்று மோட்டார் ஓடாவிட்டால் நைனா அதைத்தான் சொல்வார். நான் எம்.டி.யை மனதில் நிறுத்திக்கொண்டேன். மட்டையைப் பின்னால் கொண்டுபோகும்போது “பே...” என்றேன். முன்னால் கொண்டுவந்து தட்டும்போது “...மானி” என்றேன்.

‘டிங்.’

எனக்கே நம்ப முடியவில்லை. மறுபடி, “பே... மானி.” ‘டிங்.’ கோபம் வாய் வழியாகப் போய்விட்டதால் கைக்கு ஒன்றும் மிச்சமில்லை. கை பஞ்சாக ஆகிவிட்டது. பே என்று ஓங்கு, மானி என்று தட்டு. அவ்வளவுதான் சிப்பிங்! ஹெலன் சத்தமில்லாமல் கைதட்டினாள். பிறகு, நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து, கண்ணை மூடி எனக்கு ஒரு கும்பிடு போட்டாள். நானும் திருத்தவில்லை. (என்ன பாஷையில் திருத்துவது?)

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். முதல் நாள்தான் பெங்களூரிலிருந்து புல் வந்திருந்தது. பாய் மாதிரி சுருட்டி லாரியில் கொண்டுவந்து, மேட்டின் மேல் விரித்து, தண்ணீர் தெளித்திருந்தார்கள். பச்சைப் பசேல் என்று கண்ணைப் பறித்தது. ஷாமியானா, நாற்காலிகள், ரோட்டைப் பார்த்து இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள். சென்னையிலிருந்து ஒரு வேன் நிறையக் குடும்பங்கள் வந்து இறங்கின. மாமா கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா, அம்மா, நைனா மூவரும் இரண்டாவது வரிசை. ஹெலன் ஓரமாக ஒரு மரத்தடியில்.

எனக்கு ‘கோச்’ என்று நெஞ்சில் எழுதிய டிஷர்ட் கொடுத்திருந்தார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, “இந்தக் கோலத்துல நிக்காத” என்று அதன் மேல் ஒரு துப்பட்டாவைப் போட்டு இரண்டு பக்கமும் ஊக்கு குத்திவிட்டாள். மைக் செட்காரர் வந்து, காலரில் மாட்டும் சின்ன மைக்கை டிஷர்ட்டில் மாட்டி, துப்பட்டாவை மறுபடி இழுத்து மூடிவிட்டுப் போனார். லேஅவுட்டின் பெருமைகளை அந்த மைக்கில் நான் கடகடவென்று சொல்லி முடித்தேன். நல்ல கைதட்டல். மேட்டுக்கு நடக்கும்போது எம்.டி. பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

“பந்து மட்டும் கொடிகிட்ட போவலன்னா, நாளைக்கு ஆபீஸ் பக்கம் வராதே.”

அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, “எங்க கோச் செல்வி சாந்தி, வெளிநாட்டுப் பயிற்சி பெற்றவர்!” என்றார்.

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏறட்டும், வெளியேற்றும் வழிதான் தெரியுமே. பாரத்தை முன்காலில் வைத்தேன். தலையைக் குனிந்தேன். மட்டை பின்னால் போனது.

“பே...”

எங்கோ என் குரல் பெரிதாகக் கேட்டது. மனம் ஒருமுகப்பட்டால் அப்படித்தான் கேட்கும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“...மானி!”

பந்து எழும்பியது, புல்லில் இறங்கியது, உருண்டது, கொடிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. என் வாழ்நாளில் நான் தட்டிய மிகச் சிறந்த சிப் அது. ஒரு ஆள்கூடக் கைதட்டவில்லை. கூட்டம் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தது. மலைத்துப்போய்விட்டார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். இன்னும் ஒன்று காட்டிவிடுவோம் என்று அடுத்த பந்தை வைத்தேன். இந்தமுறை முழு விலாசத்தோடு.

“பே... மானித் தயா...”

“மைக்! மைக்கு! ஏய், மைக்க நிறுத்துய்யா!” எம்.டி. வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

நான் தலை நிமிர்ந்தேன்.

ஹெலன் அத்தனை நாள் அழுத்திப் பிடித்த தலை நிமிர்ந்துவிட்டது. மட்டை பந்துக்கு முன்னாலேயே தரையில் இறங்கி, இரண்டு புல்பாய்கள் சேரும் இடத்தில் நுழைந்து, ‘ணங்’ என்று எதிலோ மோதியது. அந்த ‘ணங்’ ஸ்பீக்கரில் கோயில் மணி மாதிரி கேட்டது. புல்பாய் ஒரு கை நீளத்துக்குச் சுருண்டுகொண்டு என் கால்மேல் விழுந்தது. அது இருந்த இடத்தில் ஒரு கருங்கல்லின் தலை எட்டிப் பார்த்தது. கல்லில் எழுத்து வெட்டியிருந்தது. எழுத்து கண்ணில் பட்டால் வாய்விட்டுப் படிப்பது எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பழக்கம்.

“ஏ... ரி... எல்... லை.”

இரண்டு ஸ்பீக்கரும் அதைச் செங்கம் ரோட்டுக்குச் சொல்லின.

“என்ன ஏரியா?” என்று ஒரு சென்னை அம்மாள் கேட்டாள்.

“ஏரியாவாம்.”

“அதான் கேக்கறேன், என்ன ஏரியா?”

“ஏரிம்மா! தண்ணி நிக்கிற ஏரி!” என்று அவள் வீட்டுக்காரர் கத்தினார்.

அதே நேரம் மரத்தடியிலிருந்து “அய்யய்யோ!” என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் ஹெலன், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு. மாதக்கணக்கான மௌனம் உடைந்தது, அதுவும் நல்ல தமிழில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லேஅவுட்டில் வேறு இடங்கள் இருக்க, மேட்டை ஏன் சரியாக இங்கே போட்டார்கள்? சர்க்கார் நட்ட கல்லைப் பிடுங்கப் பயம், மூடிவிடத் துணிச்சல். அந்தக் கல்லின் தலைமேல்தான் என் அக்காவின் ஆரத்தை நான் அடகு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

எம்.டி. வந்து சேர்ந்தார். கல்லைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், என்னைக் கைகாட்டினார். “இவ வேலதான்! யார்கிட்டயோ காசு வாங்கிக்கினு இவதான் கல்லக் கொண்டாந்து வச்சிருக்கா!”

இதற்கு மேல் நான் பேசியது எல்லாமே மைக்கில் போனது. மைக் செட்காரர் வேண்டுமென்றே நிறுத்தவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

“நானா? கல்ல நான் இடுப்புல கட்டிக்கினு பஸ்ல வந்தனா? புல்லு விரிச்சது நானா? ஏரிய வித்தது நானா? எங்க அக்கா ஆரத்த வாங்கிக்கினு தண்ணிக்குள்ள எடம் காட்டினியே, நீ நல்லா இருப்பியா?” இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அதன் பிறகு வந்தவற்றை இங்கே அச்சிட முடியாது. கையில் மட்டை வேறு இருந்தது. நான் அதை ஆட்டி ஆட்டிப் பேசினேனாம். எம்.டி. நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாராம். ரோட்டில் ஒரு டவுன் பஸ் நின்று, கண்டக்டர் உட்பட எல்லோரும் இறங்கிக் கேட்டார்களாம். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மாமா, பாவம், மெதுவாக எழுந்து வந்து, “சாந்தி, இதுல என் பிளாட்டு எது?” என்றார்.

கொடியைக் காட்டினேன்.

அவர் நேராகப் போய் எம்.டி.யின் காரில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். அட்வான்ஸ் கைக்கு வரும்வரை இறங்க மாட்டேன் என்றார். அந்த வெயிலில், அந்தக் கோட்டோடு. சென்னைக்காரர்கள் காரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். டிரைவர் எங்கெங்கோ போய் வந்தார். மத்தியானத்துக்கு மேல் மாமா இறங்கினார். ஆரம் திரும்பி வந்தது. மற்றவர்களில் பலருக்கும் அலைந்து திரிந்து பணம் வந்தது என்று கேள்வி. எம்.டி. அடுத்த மாதமே ஆபீசைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்தக் கார்த்திகையில் பெய்த மழையில் மேடு, புல், கல் எல்லாம் தண்ணீருக்குள் போயின.

எனக்கு வேலை போனது. கெஸ்ட் ஹவுஸ்காரர் ஒரு நாள் வழியில் பார்த்துச் சொன்னார்: “நல்ல வேலை செஞ்சேம்மா நீ. அந்தம்மா ரெண்டு வாரமா சாயங்காலமானா சம்மணம் போட்டு, கண்ண மூடி, பேமானி பேமானின்னு உதட்ட அசைச்சுக்கினு இருந்தாங்க. அர்த்தத்தச் சொன்னப்புறந்தான் நிறுத்தினாங்க.”

இதெல்லாம் நடந்தது. நான் கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் இந்தக் கதை எப்படிச் சொல்லப்படுகிறது தெரியுமா? வருஷத்துக்கு ஒரு பகுதி உதிர்ந்துவிட்டது. முதலில் ஹெலன் போனாள். பிறகு கல் போனது. பிறகு ஏரியே போய்விட்டது. அட்வான்ஸ், ஆரம் எல்லாம் போய், இப்போது மிச்சம் இருப்பது இதுதான்: ‘ஒரு தடவை நம்ம சாந்தி ஊர் கூட்டி மைக்கில் பேமானின்னு கத்திச்சு பாருங்க!’ சொல்கிறவர் வேறு யார், மாமாதான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம், எதையும் விடமாட்டார். என் கல்யாணத்தன்று என் வீட்டுக்காரரிடம் தாலி கட்டுவதற்கு முன்பே சொன்னார். ஆரத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவளுக்கு இதுதான் மரியாதை!

போன மாதம் மாமாவின் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். செய்யாறு பக்கத்துக் குடும்பம். கேசரி சாப்பிட்டு முடிக்கவில்லை, மாமா ஆரம்பித்துவிட்டார். அந்த வார்த்தையை என் குரலிலேயே இழுத்துச் சொல்லிக்காட்டினார். கூடமே குலுங்கியது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்காமல், “அப்புறம் அந்த நெலம் இன்னாச்சுங்க?” என்றார்.

“நெலத்த விடுங்க சம்மந்தி, இவ மட்டையத் தூக்கினு நின்னா பாருங்க...” என்று மாமா தொடர்ந்தார்.

நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். பாத்திரங்களை வேண்டியதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி சத்தத்தோடு அடுக்கிக்கொண்டிருந்தேன். கை கழுவ வந்த மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார்.

“நெஜமாவே ஏரியாங்க அது?”

“ஏரிதாங்க. இப்பவும் தண்ணி நிக்குது.”

“தெரிஞ்சேதான் வித்தானா அந்தாளு?”

“கல்லு மேல புல்லு விரிச்சு வித்தாங்க.”

அந்த அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“அப்ப நீங்க சொன்ன வார்த்த சரிதானே?”

இத்தனை வருஷத்தில் என்னிடம் அதைச் சொன்ன முதல் ஆள் அவர். ஜாதகம், மாப்பிள்ளை உத்தியோகம், சம்பளம் எதையும் நான் விசாரிக்கவில்லை. அவர்கள் கிளம்பியதும் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த வீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பெண்ணைக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.